வெண்மலர் மணம் வெயிலுக்கு ஆகுமா?

ஆரஞ்சுப் பூவும் மல்லிகையும் கலந்த ஒரு கோடைக்காலப் பெர்ஃப்யூமைக் காகிதப் பட்டையில் முகர்ந்த நொடியிலேயே அது மனத்தைக் கொள்ளை கொண்டுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். வெண்மலர் மணங்கள் வெயிலில் திகட்டிவிடும், கோடைக்கு எலுமிச்சை வகைதான் பொருந்தும் என்று நண்பர்கள் சொல்வதால், பெரிய பாட்டிலாக வாங்கலாமா என்று தயங்குவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் விருப்பத்தின் பக்கமே நான் நிற்கிறேன். வெண்மலர்கள் வெயிலுக்கு ஆகாதவை அல்ல. எந்தப் பூ என்பதைவிட, அந்தப் பூவின் எந்த முகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதை எவ்வளவு அடர்த்தியாக வைத்திருக்கிறார்கள் என்பதே வெயிலில் அந்த மணம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆனால் காகிதத்தில் முதல் நொடியில் உங்களை ஈர்த்தது அந்தப் பெர்ஃப்யூமின் மலர்ப் பகுதியாக இருப்பதற்கான வாய்ப்பு குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு பெர்ஃப்யூமில் உள்ள மணப்பொருள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, அதன் இனத்தைச் சேர்ந்த பெர்கமாட் என்ற கனி, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றின் எண்ணெய்களில் மிகுதியாக இருக்கும் லிமோனீன் போன்ற சிறிய மூலக்கூறுகள் முதல் சில நிமிடங்களிலேயே பறந்துவிடும். மல்லிகையையும் ரோஜாவையும் உணர்த்தும் பொருள்கள் அவற்றுக்குப் பின்னால் மெல்ல எழும். மஸ்க் என்னும் கஸ்தூரி வகை, சந்தனம் போன்ற கனமானவை மணிக்கணக்கில் தங்கும். டாப் நோட் என்று சொல்லப்படும் முதல் அடுக்கைப் பெர்ஃப்யூம் செய்பவர்கள் மிகுந்த அக்கறையோடு மெருகேற்றுகிறார்கள், ஏனென்றால் வாங்குபவரின் முடிவு பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களுக்குள்தான் நடந்துவிடுகிறது. கோடைக்கென்று விற்கப்படும் மலர் வகைகளில் இந்த அடுக்கு இன்னும் பெரிதாகவே இருக்கும். ஆகவே நீங்கள் மல்லிகையை விரும்பினீர்களா, மல்லிகைக்கு முன்னால் வந்து போன பெர்கமாட்டை விரும்பினீர்களா என்பதை உங்கள் தோலும் சில மணி நேரமும்தான் சொல்ல முடியும்.

அதை எப்படிக் கவனிப்பது என்பதற்கு ஆரஞ்சுப் பூ வகை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மணிக்கட்டில் ஒரு முறை மட்டும் ஸ்பிரே செய்துவிட்டு, ஆல்கஹாலின் காரம் அடங்கும்வரை அரை நிமிடம் பொறுத்திருங்கள். முதலில் பச்சைத் தோலைக் கீறியது போன்ற, சற்றுக் கசப்பான பளிச்சென்ற மணம் வரும். இது பெரும்பாலும் பெர்கமாட்டும், கசப்பு ஆரஞ்சின் இலைகளிலிருந்தும் சிறு கிளைகளிலிருந்தும் வடிக்கப்படும் பெட்டிட்கிரெய்ன் எண்ணெயும் ஆகும். கால் மணி நேரத்தில் அந்தக் கூர்மை தேய்ந்து, சோப்பைப் போன்ற தூய்மையும் அதனடியில் தேனின் சாயலும் தெரியத் தொடங்கும். ஒரு மணி நேரம் கழிந்த பிறகு மூக்கை மணிக்கட்டில் வைத்து முகராமல், கையை ஒரு சாண் தூரத்தில் அசைத்துப் பாருங்கள், ஏனென்றால் அருகில் முகர்ந்தால் கனமான பொருள்களே தெரியும். காற்றில் வரும்போதுதான் அந்தப் பூ உருவம் கொள்ளும். நான்கைந்து மணி நேரத்துக்குப் பிறகு எஞ்சியிருப்பது பெரும்பாலும் வெள்ளை மஸ்க்கும், தோலோடு ஒட்டிய ஒரு மெல்லிய இனிமையும்தான். அந்த இனிமை உங்களுக்குப் பிடித்திருந்தால் அந்தப் பெர்ஃப்யூம் உங்களுடையது. அது பிடிக்காமல் முதல் கால் மணி நேரம் மட்டுமே பிடித்திருந்தால், நீங்கள் தேடுவது ஒரு நல்ல கொலோன். ஃபரினா குடும்பத்தினர் 1709இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கிய நிறுவனத்தின் வழியாகப் புகழ்பெற்ற, பெர்கமாட்டும் ஆரஞ்சுப் பூவும் இணைந்த அந்த இலேசான வகை இன்றும் வெயிலுக்கு மிகச் சிறந்த துணைதான்.

இனி நண்பர்களின் எச்சரிக்கைக்கு வருகிறேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மல்லிகை, ஆரஞ்சுப் பூ, நிலச்சம்பங்கி ஆகிய வெண்மலர்களுக்குப் பொதுவாக இண்டோல் என்றொரு பொருள் உண்டு. அது தனியாகவும் செறிவாகவும் இருக்கும்போது பாச்சை உருண்டையையும் அழுகலையும் நினைவூட்டும் விரும்பத்தகாத மணம் கொண்டது. நீர்த்துப்போய் மற்றவற்றோடு கலந்திருக்கும்போதோ, பூவுக்கு உயிரும் சதையும் இருப்பதான உணர்வைத் தருவது அதுவே. மல்லிகையின் பழச் சாயலுக்கு பென்சைல் அசிடேட்டும், ஆரஞ்சுப் பூவின் திராட்சை போன்ற இனிமைக்கு மெத்தில் ஆந்த்ரனிலேட்டும், நிலச்சம்பங்கியின் மருந்துத் தைலம் போன்ற குளிர்ச்சிக்கு மெத்தில் சாலிசிலேட்டும் காரணமாகின்றன. வெப்பம் கூடும்போது இவை எல்லாமே வேகமாக எழும். உடல் சூடும் வியர்வையின் ஈரமும் சேர்ந்துகொண்டால், மிதமான நாளில் பரவலாகத் தெரிந்த ஒரு பூ, உச்சி வெயிலில் நெருக்கியடித்துக்கொண்டு வருவது போல் தோன்றும். திகட்டல் என்று நண்பர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் வெண்மலரை இலேசாக்கும் வழியும் நெடுங்காலமாகவே தெரிந்ததுதான். மல்லிகையை ஆராயும்போது அதில் மிகச் சிறிய அளவில் காணப்படும் மெத்தில் டைஹைட்ரோஜாஸ்மோனேட்டை ஃபிர்மெனிக் நிறுவனம் ஹெடியோன் என்ற பெயரில் செயற்கையாகத் தயாரித்தது. அதன் மணம் தனியாக முகர்ந்தால் அவ்வளவு பெரிதாக ஒன்றும் இல்லை. காற்றோட்டமான, எலுமிச்சையின் சாயல் கொண்ட, பனி படிந்த மல்லிகை என்று சொல்லலாம். அதன் பெருமை, தன்னோடு சேர்ந்த மற்ற மணங்களுக்கு இடைவெளியும் வெளிச்சமும் தருவதில் இருக்கிறது. பெர்ஃப்யூம் கலைஞர் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா 1966இல் டியோர் நிறுவனத்துக்காக உருவாக்கிய ஓ சவாஜ் என்ற பெர்ஃப்யூமில் அதைக் குறிப்பிடத்தக்க அளவில் பயன்படுத்தினார். அதன் பிறகு மலர் மணங்களின் போக்கே மாறிவிட்டது. இன்று கோடை மலர் என்று விற்கப்படும் ஏராளமான பெர்ஃப்யூம்களில் ஹெடியோன் தாராளமாக இருக்கிறது. இண்டோலைக் குறைத்து ஹெடியோனைக் கூட்டினால் அதே மல்லிகை வெயிலில் மூச்சை அடைக்காது. எனவே வெண்மலர் வேண்டாம் என்று மொத்தமாக ஒதுக்குவதைவிட, இண்டோல் மிகுந்த வெண்மலரா, காற்றோட்டமான வெண்மலரா என்று பிரித்துப் பார்ப்பதே சரி.

நீங்கள் குறிப்பிட்ட ஆரஞ்சுப் பூ இந்த வேறுபாட்டை ஒரே செடியில் காட்டுகிறது என்பதால் அதன் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கசப்பு ஆரஞ்சு மரத்தின் பூக்களை நீராவியில் வடித்தால் நெரோலி எண்ணெய் கிடைக்கிறது; ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ ஒரு டன் பூ தேவைப்படும். அதே பூக்களைக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்தால் ஆரஞ்சுப் பூ அப்சலூட் கிடைக்கிறது. முன்னது பசுமையானது, தூய்மையானது, சற்றுக் கசப்பானது. பின்னதில் தேனும் இண்டோலும் கனிந்த பழமும் உண்டு. துனிசியாவிலும் மொராக்கோவிலும் எகிப்திலும் இளவேனிலில் பறிக்கப்படும் ஒரே பூவிலிருந்து, நண்பகலுக்கு ஏற்ற மணமும் இரவுக்கு ஏற்ற மணமும் வருகின்றன. உங்கள் பெர்ஃப்யூமின் விவரத்தில் நெரோலி என்று எழுதியிருக்கிறதா, ஆரஞ்சுப் பூ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விளம்பர வாசகத்தை அப்படியே நம்ப முடியாது என்றாலும், நெரோலியை முன்னிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் பசுமையான பக்கத்தைத்தான் நாடுகிறார்கள்.

மல்லிகையிலும் இப்படி இரண்டு வழிகள் இருக்கின்றன. பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் நாம் சொல்லும் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம் பழச் சாயலும் கனமும் கொண்டது. பிரான்சின் கிராஸ் நகரைப் பெர்ஃப்யூம் உலகில் புகழ்பெறச் செய்த மலர்களில் அதுவும் ஒன்று. ஜாஸ்மின் சம்பக் என்று பாட்டிலில் எழுதப்படுவது குண்டுமல்லி. அது பசுமையும் தேயிலையின் சாயலும் கொண்டது, என் மூக்குக்கு வெயிலில் இன்னும் இதமானது. பறித்த பின்பும் மணத்தைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கும் பூக்கள் மல்லிகையும் நிலச்சம்பங்கியும். அதனால்தான் முற்காலத்தில் அவற்றை வடிக்காமல், கொழுப்பு பூசிய கண்ணாடித் தட்டுகளில் பரப்பி, வாடியதும் எடுத்துவிட்டுப் புதிய பூக்களை வைத்து, அந்தக் கொழுப்பு மணத்தால் நிறையும்வரை காத்திருந்தார்கள். கிராஸ் பகுதியில் மணமலர்களைப் பயிரிடுவதும், மூலப்பொருள்களைப் பக்குவம் செய்வதும், மணங்களை இயற்றுவதுமான அறிவை யுனெஸ்கோ 2018இல் மானுடத்தின் தொட்டுணர முடியாத மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. வெறும் அழகுப் பொருள் என்று பலரும் கடந்துபோகும் ஒன்றுக்கு அந்த மதிப்பு கிடைத்தது எனக்கு மகிழ்ச்சி அளிக்கிறது.

எல்லா மலர்களும் தம் மணத்தை இப்படிக் கொடுத்துவிடுவதில்லை. லில்லி ஆஃப் தி வேலி, லைலாக், ஹனிசக்கிள் ஆகியவற்றிலிருந்து பெர்ஃப்யூம் தொழிலுக்கு உதவும்படியான எண்ணெய் கிடைப்பதில்லை. பாட்டிலில் இருக்கும் லில்லி ஆஃப் தி வேலி முழுக்க முழுக்க ஒரு மனிதர் தன் மூக்கை நம்பிக் கட்டியெழுப்பியது. ருட்னிட்ஸ்கா 1956இல் வெளியான டியோரிஸிமோ என்ற பெர்ஃப்யூமுக்காக அந்தப் பூவைத் தன் தோட்டத்திலேயே வளர்த்து முகர்ந்து, ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் முதலிய செயற்கைப் பொருள்களைக் கொண்டு, பசுமையான இலையும் ஈர மண்ணும் சேர்ந்த ஓர் இளவேனில் காலையைப் படைத்தார். இயற்கை எண்ணெய் இல்லையென்றால் அது போலி என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் முகரச் சொல்வது அதைத்தான். 1970களிலிருந்து ரோமன் கைசர் போன்ற வேதியியலாளர்கள், செடியில் இருக்கும் பூவைப் பறிக்காமலே கண்ணாடிக் குமிழில் மூடி, அதைச் சுற்றியுள்ள காற்றைச் சேகரித்து ஆராயும் ஹெட்ஸ்பேஸ் முறையை வளர்த்தெடுத்தார்கள். உயிருள்ள பூவின் மணம் அதன் எண்ணெயின் மணத்திலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்பது அதில் தெளிவானது. ஆகவே செயற்கைப் பொருள் கலந்த பெர்ஃப்யூம் செடியில் இருக்கும் பூவுக்கு எண்ணெயைவிட நெருக்கமாக இருப்பதும் உண்டு.

இந்தச் செயற்கைப் பொருள்களும் நிலையானவை அல்ல. லில்லி மணத்துக்குப் பெரிதும் பயன்பட்ட லிலியாலை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் முதல் அழகுப் பொருள்களில் தடை செய்துவிட்டது. அதனால் பல மலர்ப் பெர்ஃப்யூம்களின் கலவையை மாற்ற வேண்டியதாயிற்று. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அதே பெயர் இன்று வேறு மாதிரி மணப்பதாக யாராவது சொன்னால் அதை நினைவின் பிழை என்று தள்ளிவிடக் கூடாது.

அந்தப் பெர்ஃப்யூம் ஏன் உங்களுக்குக் கோடையாகத் தோன்றியது என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கக்கூடும். இலாங் இலாங் என்ற வெப்பமண்டலப் பூவின் எண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் பென்சைல் சாலிசிலேட், புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருளாக 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வெயில் தடுப்புக் களிம்புகளில் சேர்க்கப்பட்டது. தலைமுறைகளாக அந்தக் களிம்பின் மணமும் கடற்கரையும் சூடான தோலும் ஒன்றாகவே மனத்தில் பதிந்தன. இப்போது சோலார் மலர் என்று அழைக்கப்படும் பெர்ஃப்யூம்களில் அதே சாலிசிலேட் வகைகள்தான் அடித்தளமாக இருக்கின்றன. மென்மையான, கிரீம் போன்ற, சற்றே உப்புத் தன்மை கொண்ட அந்த இனிமையை முகர்ந்ததும் வெயிலின் நினைவு வருவதில் வியப்பில்லை. ஆரஞ்சுப் பூவும் மல்லிகையும் சேர்ந்த கலவைகளில் இந்த அடித்தளம் அடிக்கடி காணப்படுவதால், உங்களுடையதிலும் இருக்கலாம். மாலையில் தோலில் எஞ்சும் இனிமையைக் கவனிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

நண்பர்களின் கருத்தை அறிவுரையாக எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருவர் மூக்கு ஒன்றையே முகர்வதில்லை என்பது மிகையில்லாத உண்மை. வயலெட் பூவின் மணத்தைத் தரும் பீட்டா அயனோனைச் சிலர் இனிய மலராக உணர்கிறார்கள், வேறு சிலருக்கு அது புளிப்பாகவும் விரும்பத்தகாததாகவும் படுகிறது. இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி ஒரே ஒரு மண ஏற்பி மரபணுவில் உள்ள மாற்றத்தால் வருகிறது. சில மஸ்க் வகைகளை முற்றிலும் உணர முடியாதவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு மென்மையாக முடியும் ஒரு பெர்ஃப்யூம் மற்றொருவருக்கு மஸ்க்கே இல்லாமல் வெறும் இண்டோலாகத் தெரியலாம். ஆனால் மற்றவர் மூக்கு நமக்குப் பயன்படும் ஒரே ஓர் இடமும் உண்டு. தொடர்ந்து இருக்கும் மணத்தை நம் மூக்கு விரைவில் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். மணம் போய்விட்டது என்று நினைத்து மேலும் மேலும் ஸ்பிரே செய்வோம். வெண்மலர் திகட்டுவதற்கு வெயிலைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் முடிவு. அரை மணி நேரம் கழித்து மற்றொருவரிடம், மணம் எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள்.

தோலில் சோதிக்கும்போது குளிரூட்டிய அறைக்குள் நின்று முடிவு செய்யாதீர்கள். மாதிரியைத் தோலில் இட்டுக்கொண்டு வெளியே வந்து, இட்ட இடத்தில் நேரடி வெயில் படாமல் சூட்டிலும் காற்றிலும் நடந்து, வியர்த்த பிறகும் அது பிடிக்கிறதா என்று பாருங்கள். கோடைக்கு வாங்கும் பெர்ஃப்யூமுக்கு இதைத் தவிர வேறு தேர்வு கிடையாது. ஒரே நாளில் ஒரு கைக்கு ஒன்று என்று இரண்டுக்கு மேல் சோதிக்க வேண்டாம். இடையில் மூக்கை ஆற்றுவதற்குக் காப்பிக் கொட்டை தேவையில்லை; வாசனை படாத உங்கள் சட்டையின் கைப்பகுதியை முகர்ந்தாலே போதும்.

அணியும் இடம் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை உண்டு. பெர்கமாட் தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் பெர்காப்டன் என்ற பொருள் இருக்கிறது. அது தோலின் மீது இருக்கும்போது வெயில் பட்டால் தடிப்பும், பிறகு நெடுநாள் மறையாத கருந்திட்டும் வரக்கூடும். இப்போது பல நிறுவனங்கள் பெர்காப்டன் நீக்கிய எண்ணெயைத்தான் பயன்படுத்துகின்றன. நீக்காத எண்ணெய்க்குப் பன்னாட்டு மணப்பொருள் சங்கமான இஃப்ரா கடுமையான அளவு வரம்பு வைத்திருக்கிறது. இருந்தாலும் நேரடி வெயில் படும் கழுத்திலும் முன்கையிலும் இடாமல், ஆடைக்குள் மறையும் மார்பிலோ, முழங்கையின் உட்புறத்திலோ, ஆடையின் உள்மடிப்பிலோ இடுவதே பாதுகாப்பானது. ஆடையில் இட்டால் மணம் மெதுவாக எழும்; வெண்மலருக்கு அது இன்னும் நல்லது. வெளிர் நிறப் பட்டில் கறை பட வாய்ப்புண்டு என்பதால் பருத்தித் துணியைத் தேர்ந்தெடுங்கள்.

பாட்டிலில் ஓ டி டாய்லெட், ஓ டி பர்ஃபம் என்று இருப்பதைப் பார்த்து, முன்னது வெயிலுக்கு, பின்னது குளிருக்கு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இந்தப் பெயர்கள் மணச்செறிவைத் தோராயமாகத்தான் சொல்கின்றன. ஒரே பெயரில் வரும் இரண்டு வடிவங்களின் கலவையே வேறாக இருப்பதும் வழக்கம். இரண்டையும் தோலில் வைத்துப் பார்த்துவிட்டே தேர்ந்தெடுங்கள். ஓ டி பர்ஃபம் பிடித்திருந்தால் ஒரே ஒரு ஸ்பிரேயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெரிய பாட்டில் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் விருப்பம் நிலைக்காது என்ற ஐயத்தால் இதைச் சொல்லவில்லை. கோடை மலர் மணங்களின் முதல் அடுக்குதான் முதலில் கெடும் என்பதால் சொல்கிறேன். லிமோனீனும் லினலூல் என்ற மற்றொரு மணப்பொருளும் காற்றுப் பட்டு ஆக்ஸிகரணமடைந்தால் அந்தப் பளிச்சென்ற தொடக்கம் மங்கிவிடும்; அப்படி மாறிய பொருள்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும் உண்டாக்கும். பாட்டில் காலியாகக் காலியாக உள்ளே காற்று கூடிக்கொண்டே போகும். ஆகவே இரண்டு கோடைகளுக்குள் தீர்ந்துவிடும் அளவில் சிறிய பாட்டிலாக வாங்கி, வெளிச்சமும் சூடும் படாத அலமாரியில், அதன் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். குளியலறையும் ஜன்னலோர மேசையும் அதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. சில மாதங்களில் அந்தத் திரவம் மஞ்சளாகவோ இலேசான ஆரஞ்சு நிறமாகவோ மாறினால் பதற வேண்டாம்: ஆரஞ்சுப் பூவில் உள்ள மெத்தில் ஆந்த்ரனிலேட் ஆல்டிஹைடு வகை மணப்பொருள்களோடு சேரும்போது இயல்பாகவே அந்த நிறத்தைத் தருகிறது. தொடக்கத்தில் வார்னிஷைப் போலவோ காறிய எண்ணெயைப் போலவோ மணம் வந்தால் மட்டுமே அதைத் தோலில் இடுவதை நிறுத்துங்கள்.